உப்பு ஏறிய வழி

விடுமுறை நாட்கள் நெருங்கும்போது குடும்பஸ்தர்களுக்கு உண்டாகும் கவலைகளில் முதன்மையானது, "எங்கே போவது?" என்பது. சென்ற தை மாதத்தில் நம் வீட்டிலும் இந்தக் கேள்வி கிளம்பிற்று. பெண்ணுக்குப் பழைய துறைமுகங்களைப் பார்க்க வேண்டும். ரோமாபுரிக் கப்பல்கள் தமிழ்நாட்டுக்கு வந்து போன கதையைப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்ததிலிருந்து அவளுக்கு இந்த ஆசை. பையனுக்கு மலை ஏற வேண்டும். வீட்டு அம்மாளுக்கோ, கூட்டமில்லாத இடமாகவும் செலவு குறைவாகவும் இருந்தால் போதும். மூன்று கட்சிகளையும் திருப்தி செய்யக்கூடிய யோசனை ஒன்று நமக்குத் தோன்றிற்று. "கள்ளக்குறிச்சிக்குப் போவோம்" என்றோம்.

சபையில் ஒரே நிசப்தம். "கள்ளக்குறிச்சியில் கடல் ஏது, அப்பா?" என்று பெண் கேட்டாள். அடுத்த வீட்டு நண்பர் விஷயத்தைக் கேள்விப்பட்டதும் முகத்தைச் சுளித்து, "அங்கேயா?" என்றார். அவர் எதை நினைத்துக்கொண்டார் என்பது நமக்குத் தெரியும். 2024-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து 60-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அன்று முதல் அந்த ஊரின் பெயரும், அதற்கு மேற்கே நிற்கும் கல்வராயன் மலையின் பெயரும், பத்திரிகை படிப்பவர்களின் மனத்தில் அந்த ஒரு செய்தியோடு ஒட்டிக்கொண்டுவிட்டன.

நமக்கோ அது பூர்வீக ஊர். நம் கொள்ளுப் பாட்டனார் அங்கே கடை வைத்திருந்தார். அவர் கைப்பட எழுதிய பேரேடு ஒன்று நம்மிடம் இன்னும் இருக்கிறது. வயது நூறுக்கு மேல். ஓரங்களைச் செல் அரித்திருக்கிறது. நம் தகப்பனார் அதை ஆயுத பூஜையன்று வெளியில் எடுத்துச் சந்தனம் தொட்டு வைத்து, "நாம் கப்பல் வியாபாரம் செய்த குடும்பம்" என்று சொல்வார். உண்மையில் கப்பல் ஒன்றும் நம்முடையதல்ல. கூடலூரில் கப்பலேற்றிய வியாபாரிக்கு மலைச் சரக்கை வண்டியில் அனுப்பியவர்கள் நம் முன்னோர்கள். ஆனால் குடும்பப் பெருமை இம்மாதிரிச் சில்லறை வித்தியாசங்களைப் பொருட்படுத்துவதில்லை அல்லவா?

"கடலுக்குப் போகும் வழி கள்ளக்குறிச்சியில்தான் ஆரம்பமாகிறது" என்று பெண்ணுக்குப் பதில் சொன்னோம். வாய்க்கு வந்ததைச் சொன்னோமே தவிர, அது எவ்வளவு உண்மை என்று அப்போது நமக்கே தெரியாது. பேரேட்டையும் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு புறப்பட்டோம்.

பழைய தென் ஆர்க்காடு ஜில்லாவை ஒரு வீடு என்று வைத்துக்கொண்டால், அதன் கொல்லைப்புறம் கல்வராயன் மலை. தெருவாசல் கூடலூர்க் கடற்கரை. 1993-இல் அந்த ஜில்லா இரண்டாயிற்று. 2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. சர்க்கார் காகிதங்களில் மலையும் கடலும் பாகம் பிரிந்துவிட்டன. தண்ணீர் மட்டும் பிரிய மறுக்கிறது. கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகி நதியும் மணிமுத்தா நதியும் நல்லூரில் கூடுகின்றன. பிறகு மணிமுத்தாறு விருத்தாசலத்தைத் தொட்டுக்கொண்டு சென்று, சுந்தரமூர்த்தி நாயனார் பாடிய கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு கலக்கிறது. வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலைச் சேர்கிறது. ஆகவே, வெள்ளிமலையில் பெய்கிற மழையில் ஒரு பங்கு பரங்கிப்பேட்டைக் கடலுக்குச் சொந்தம்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகப் போனோம். அருகிலே கோமுகி அணை. 1965-இல் கட்டிய அணை இது. தை மாதமாதலால் தண்ணீர் நிறைந்து, மலையின் நிழலைத் தாங்கிக்கொண்டு கிடந்தது. அணையைத் தாண்டியதும் பாதை வளைந்து வளைந்து ஏறுகிறது. வெள்ளிமலையை அடையும்போது காற்றின் குணமே மாறிவிட்டது. பெரியார் அருவியையும் மேகம் அருவியையும் பார்த்தோம். கரியாலூரில் படகும் ஏறினோம். உதகமண்டலத்தின் ஜம்பமும் கிடையாது. கொடைக்கானலின் ஜனநெருக்கடியும் கிடையாது. சரிவுகளில் மரவள்ளிக் கிழங்குச் செடிகள். சமதரைகளில் அறுவடையான சாமைத் தாள். வீட்டு வாசல்களில் புளி உலர்ந்துகொண்டிருந்தது.

இங்கே வாழ்பவர்கள் மலையாளிகள் என்று அழைக்கப்படும் பழங்குடி மக்கள். கேரள தேசத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. பேசுவது தமிழ். தங்கள் முன்னோர்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது இவர்களுடைய மரபுக் கதை. இம்மலை வெகு காலம் சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகீர்களாக இருந்து வந்தது. தேசம் 1947-இல் விடுதலை பெற்றது. இம்மலையிலே ஜாகீர் ஆதிக்கம் முடிவுற்றதோ 1976-இல்தான். நாம் எல்லோரும் வருஷந்தோறும் கொடியேற்றி மிட்டாய் வழங்கிக்கொண்டிருந்த 29 ஆண்டுகளும், கூப்பிடு தூரத்தில் இருந்த இம்மக்களுக்கு அந்தக் கொடியின் நிழல் எட்டவில்லை. 2024-ஆம் வருஷத்துத் துர்ச்சம்பவத்துக்குப் பிறகுதான் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கு எடுத்துக்கொண்டு, இவர்களுக்குப் பாதை உண்டா, வைத்தியம் உண்டா, பள்ளிக்கூடம் உண்டா என்று விசாரிக்க முற்பட்டது. கெட்ட செய்தி வந்த பிறகே ஒரு மலையை நாம் ஏறெடுத்துப் பார்க்கிறோம்!

அன்று இரவு தங்கிய இடத்தில் பெண் பேரேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். பழைய தமிழ் இலக்கங்களை அவளுக்குப் படிக்கச் சொல்லிக் கொடுத்திருந்தோம். கூடலூர் வியாபாரியின் பெயர் வருமிடமெல்லாம் "மகாராஜராஜஸ்ரீ" என்று தொடங்கி, ஊர், தகப்பனார் பெயர், பட்டம் எல்லாம் வரிசையாக இருந்தன. வண்டிக்காரர்களுக்குக்கூடப் பெயர் இருந்தது. மாடுகளுக்கும் நிறம் குறித்திருந்தது. மலைக் கணக்கு வந்தபோதோ, "மலையாள் வகையில் கடுக்காய் மூட்டை நாலு, கொடுத்த உப்பு மரக்கால் மூன்று" என்று இருந்தது. அடுத்த வரியும் "மலையாள் வகையில்". அதற்கு அடுத்த பக்கமும் அப்படியே.

"இந்த ஆளுக்குப் பெயர் இல்லையா, அப்பா?" என்று கேட்டாள்.

"ஒரே ஆள் இல்லை, பலர்" என்றோம்.

"அப்படியானால் பல பெயர் இருக்க வேண்டுமே?"

நமக்குப் பதில் கிடைக்கவில்லை. அவள் விடவில்லை. "நாலு மூட்டைக்கு மூன்று மரக்கால் உப்புத்தானா?" என்றாள். அந்தக் காலத்து உப்பின் விலையைப் பற்றி விரிவுரை செய்து தப்பித்துக்கொண்டோம்.

விரிவுரையில் பொய் இல்லை. மதராஸ் ராஜதானியில் கும்பெனி சர்க்கார் 1805-ஆம் வருஷத்தில் உப்பைத் தனது ஏகபோகமாக்கிக்கொண்டது. 1947-இல் வரி ஒழியும் வரையில், கடற்கரையில் வெயில் இலவசமாகக் காய்ச்சிக் கொடுத்த உப்புக்கு ஏழைகள் வரி கொடுத்தார்கள். கடலைவிட்டு விலக விலக வண்டிச் சத்தமும் தரகும் அதன் தலையில் ஏறிற்று. மலையுச்சிக்குப் போய்ச் சேரும்போது அது மருந்துபோல அருமையாகிவிட்டது. மகாத்மா உப்பை ஏன் ஆயுதமாகத் தேர்ந்தெடுத்தார் என்பதை அறிய, கடற்கரையைவிட மலையே சரியான இடம். எல்லாம் மெய்தான். ஆனால் வரி போட்டவன் வெள்ளைக்காரன். மரக்காலை அளந்தவர் நம் கொள்ளுப் பாட்டனார். அந்தப் பகுதியை விரிவுரையில் விட்டுவிட்டோம் என்பது பெண்ணுக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

மறுநாள் காலை, பாதை ஓரத்தில் ஒரு மூதாட்டி கோணியை விரித்துக் கடுக்காயும் புளியும் தேனும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடுக்காய் விலை கேட்டோம். சொன்னார். நம் நாக்கு பழக்க தோஷத்தால், "கொஞ்சம் குறைத்துச் சொல்லுங்கள், பாட்டி" என்று ஆரம்பித்தது. வீட்டு அம்மாள் நம்மை ஒரு பார்வை பார்த்தார். நாக்கு அடங்கிற்று. கேட்ட விலையைக் கொடுத்து வாங்கினோம். பெண் பக்கத்தில் உட்கார்ந்து, "உங்கள் பெயர் என்ன, பாட்டி?" என்று கேட்டாள்.

மூதாட்டி சிரித்துவிட்டார். "பேரு எதுக்குங்க, சாமி? காசு குடுத்தாச்சு, காயி வாங்கியாச்சு" என்றார்.

பெண் மீண்டும் கேட்டாள். பிறகு சொன்னார். அவள் அதைத் தன் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டாள்.

இந்தக் கடுக்காயைப் பற்றி இரண்டு வார்த்தை. நம் பாட்டிமார்கள் இதைப் பொடி செய்து வயிற்றுக்குக் கொடுத்தார்கள். ஆனால் சோழமண்டலக் கரையின் வர்த்தகத்தில் இதற்கு வேறு பதவி உண்டு. பருத்தித் துணியைக் கடுக்காய் நீரில் தோய்த்து எடுத்த பிறகே சாயவேரின் சிவப்பும் இரும்பு நீரின் கறுப்பும் அதில் அழுத்தமாகப் பிடிக்கும். பல முறை துவைத்தாலும் வெளுக்காத துணி என்று கீழ்த்திசைத் தீவுகளிலும் ஐரோப்பாவிலும் இந்தக் கரையின் சாயத் துணிகள் பெயர் வாங்கியதற்கு இந்தக் காய்க்கும் நன்றி சொல்ல வேண்டும். சாயவேர் கடலோர மணலில் விளைந்தது. அவுரி சமவெளியில் விளைந்தது. கடுக்காய் மலையில் விளைந்தது. மலை, வயல், மணல் மூன்றும் கூடித்தான் ஒரு முழத் துணி கப்பலேறிற்று. நம் கொள்ளுப் பாட்டனார் காலத்துக்குள் சீமைத் துணி வந்து சாயக்காரர்களைக் கவிழ்த்துவிட்டது. அப்போது கடுக்காய், தோல் பதனிடுவதற்காகச் சீமைக்குப் பிரயாணமாயிற்று. துணியாகப் போனது போய், வெறுங்காயாகப் போகத் தொடங்கிற்று!

மலையிலிருந்து இறங்கிக் கள்ளக்குறிச்சியில் மரச் சிற்பிகளின் பட்டறைகளைப் பார்த்தோம். இவ்வூர் மரச் சிற்பங்களுக்கு இப்போது புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. உளியின் ஓசை கேட்கும் தெருவில் நின்றபோது, இந்த ஊருக்குச் சொல்லிக்கொள்ள வேறு செய்தியும் இருக்கிறது என்று அடுத்த வீட்டு நண்பருக்குக் கடிதம் எழுதத் தோன்றிற்று. பிறகு சின்னசேலத்தில் ரயிலேறி, விருத்தாசலத்தில் இறங்கிப் பழமலைநாதரைத் தரிசித்து, கூடலூர் போய்ச் சேர்ந்தோம்.

கூடலூரில் பெண்ணின் முறை. தேவனாம்பட்டினத்தில் இருந்த கோட்டையை 1690-இல் ஆங்கிலக் கும்பெனியார் மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கி, செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயரிட்டார்கள். பேரத்தின் ஷரத்து வெகு விநோதமானது: கோட்டையிலிருந்து சுடும் பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ, அவ்வளவு நிலமும் கும்பெனிக்கு! நல்ல பீரங்கியாகப் பார்த்துத்தான் சுட்டிருப்பார்கள் என்பதில் சந்தேகம் என்ன? குண்டு விழுந்த எல்லைக்குட்பட்ட ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வந்துவிட்டது. குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப் பெயர் இன்றும் அதற்குச் சாட்சி. சென்னை பிரெஞ்சுக்காரர் கையில் சிக்கிய 1746 முதல் 1752 வரையில், இக்கரையில் ஆங்கிலேயருக்கு இதுவே தலைமையிடம். 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி இதைப் பிடித்து இடித்துத் தள்ளினான். இப்போது கெடிலக் கரையில் இருப்பவை இடிபாடுகளே.

கோட்டை போயிற்று, ஊர் இருக்கிறது. புதுச்சேரியை விட்டு வெளியே வந்த பாரதியாரை 1918 நவம்பரில் கைது செய்து அடைத்தது இந்தக் கூடலூர்ச் சிறையில்தான். முதுநகரில் 1890-இல் பிறந்த அஞ்சலையம்மாள், 1927-இல் சென்னையில் நீல் சிலையை அகற்றும் சத்தியாக்கிரகத்தில் சேர்ந்து சிறை புகுந்தார். கும்பெனி வேரூன்றிய துறையிலிருந்தே அதன் வேரைப் பிடுங்கவும் ஒரு பெண்மணி புறப்பட்டார் என்பதை நம் பெண்ணிடம் சொன்னபோது, இடிந்த கோட்டையைவிட அதுவே அவளுக்கு அதிகம் பிடித்தது.

கூடலூரிலிருந்து வடக்கே சிறிது தூரத்தில், புதுச்சேரிக்கு முன்னால் அரிக்கமேடு. 1945-இல் மார்டிமர் வீலர் இங்கே தோண்டிப் பார்த்தார். ரோமானிய மண்பாண்டங்களும் திராட்சை மது வந்த ஜாடிகளின் ஓடுகளும் கிடைத்தன. இங்கேயே செய்த மணிகளும் கிடைத்தன. அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில் மாமரங்களுக்கிடையே நின்றுகொண்டு, ஏறக்குறைய 2,000 வருஷத்துக்கு முந்திய துறைமுகத்தைக் கற்பனையால்தான் காண வேண்டும். பெண் கண்ணை மூடிக்கொண்டு கண்டாள். பையன் கண்ணைத் திறந்துகொண்டு நண்டு பிடித்தான்.

கடைசியாகப் பரங்கிப்பேட்டை. போர்த்துகீசியர் 'புதிய துறைமுகம்' என்ற அர்த்தத்தில் போர்ட்டோ நோவோ என்றார்கள். தமிழர் அவர்களையே ஊருக்குப் பெயராக்கிவிட்டார்கள். இங்கிருந்து மரக்காயர்களின் கப்பல்கள் மலேயாவுக்கும் சுமத்திராவுக்கும் துணி கொண்டு போயின. 1781 ஜூலை 1-ஆம் தேதி ஹைதர் அலிக்கும் சர் அயர் கூட்டுக்கும் பெரும் யுத்தம் நடந்ததும் இங்கேதான்.

இங்கே இன்னொரு கதையும் உண்டு. கும்பெனி உத்தியோகஸ்தராக இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் 1830-ஆம் வருஷத்தையொட்டி இவ்வூரில் பெரிய இரும்பு உலைக்கூடம் ஒன்றை நிறுவினார். இரும்புக் கல் சேலத்துப் பக்கத்திலிருந்து வந்தது. உருக்கிய இரும்பு இங்கிலாந்தில் ஷெபீல்டு நகரத்துக்குப் போயிற்று. எஃகு செய்வதில் மாங்கனீஸைப் பயன்படுத்தும் முறைக்கு அவர் 1839-இல் இங்கிலாந்தில் உரிமைப் பத்திரமும் பெற்றார். ஆனால் உலைக்கு வேண்டிய நெருப்பு நிலக்கரியால் எரிந்ததல்ல, மரக்கரியால் எரிந்தது. ஒரு பாரம் இரும்புக்குப் பல பாரம் கரி. அதற்கு எத்தனை மரம்! காடு தொலைவில் ஒதுங்க ஒதுங்கக் கரியின் விலை ஏறிற்று, நஷ்டம் வளர்ந்தது, அந்நூற்றாண்டு முடிவதற்குள் உலைகள் அவிந்தே போயின. ஹீத்தின் பெயர் உலோக சாஸ்திரப் புத்தகங்களில் இருக்கிறது. மரம் வெட்டிக் கரி சுட்டவர்கள் அங்கேயும் "மலையாள் வகையில்"தான்.

மாலையில் வெள்ளாறு கடலில் சேரும் முகத்துவாரத்தில் உட்கார்ந்திருந்தோம். தென்புறத்தில் பிச்சாவரத்துச் சதுப்புக் காடுகள் இருண்டுகொண்டு வந்தன. வலையை உதறிக்கொண்டிருந்த செம்படவர் ஒருவர், "எந்த ஊருங்க?" என்று விசாரித்தார். "கள்ளக்குறிச்சியிலிருந்து வருகிறோம்" என்று சொல்லிவிட்டு, அடுத்த வீட்டு நண்பரின் முகச்சுளிப்பை எதிர்பார்த்துக் காத்திருந்தோம்.

அவர் முகம் சுளிக்கவில்லை. "கல்ராயன் மலைப் பக்கமா? அங்கே நல்லா மழை பேஞ்சா இங்கே எங்களுக்குத் தெரிஞ்சிடுமுங்க. ஆத்துல தண்ணி நிறம் மாறி வரும், எறாலும் நல்லா படும்" என்றார்.

அறுபது கல்லுக்கு அப்பாலுள்ள மலையை ஒருவர் சாராயத்தால் அறிகிறார். இன்னொருவர் தண்ணீரால் அறிகிறார். இரண்டாமவரே அதை உண்மையில் அறிந்தவர். நாம் கோட்டைகளையும் கொத்தளங்களையும் பார்க்கக் கடற்கரைக்கு ஓடுகிறோம். அங்கே இருப்பவை பெரும்பாலும் வந்தவர்களின் பெயர்களே. கொடுத்தவர்களின் பெயர் வேண்டுமானால் ஆற்றின் வழியே மேலே போக வேண்டும்.

இம்மாதிரி யாத்திரை செய்ய விரும்பும் நேயர்களுக்கு நாலு நாள் போதும். மலையில் இரண்டு நாள், கூடலூரிலும் அரிக்கமேட்டிலும் ஒரு நாள், பரங்கிப்பேட்டையில் ஒரு நாள். மழை ஓய்ந்து மாசிக்குள் போனால் அருவிகளில் தண்ணீர் இருக்கும். மலையிலே வாங்கும் பொருளுக்குப் பேரம் வேண்டாம். கடற்கரையில் ஒரு பொட்டலம் உப்பு வாங்கிக்கொண்டு திரும்புங்கள். அது எவ்வளவு மலிவு என்பதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

வீடு திரும்பியதும் பேரேட்டைப் பீரோவில் வைக்கப் போனோம். கடைசியில் ஒரு பக்கம் எழுதாமல் இருந்தது. இப்போது அதில் ஒரு வரி இருக்கிறது. தேதி, கடுக்காயின் அளவு, கொடுத்த தொகை எல்லாம் நம் பெண்ணின் கையெழுத்தில் ஒழுங்காக எழுதியிருக்கின்றன. முதலில் ஒரு பெயர். அதை இங்கே அச்சிட நாம் அந்த மூதாட்டியின் அனுமதி பெறவில்லை. ஆகையால் அது பேரேட்டிலேயே இருக்கட்டும்.